இருநூறு வாட்ஸ் மாப்பிள்ளை

ஒரு விஷயம் அறவே தெரியாதவனால் யாருக்கும் பெரிய கெடுதல் கிடையாது. அவன் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடுவான். அதற்குப் பக்கத்து விஷயத்தை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறவன்தான் முன்னால் வந்து நின்று எல்லாவற்றையும் கெடுப்பான். இதை யாரையோ மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன்.

எனக்குப் பல்லடத்துக்குப் பக்கத்தில் கறிக்கோழிப் பண்ணை. ஒரு தடவைக்கு ஆறாயிரம் குஞ்சு இறக்குவோம். ஒரு நாள் வயதுக் குஞ்சை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தாலே அது தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவேன். நாலு ஆட்களை வைத்துக்கொண்டு காலையில் ஆரம்பித்தால், மத்தியானச் சோற்றுக்குள் ஆறாயிரத்துக்கும் தடுப்பு மருந்து கொடுத்து முடித்துவிட்டுக் கை கழுவுகிற ஆள் நான். (ஊசி இல்லீங்க, கண்ணுல ஒரு சொட்டு விடறது. அது வேற, இது வேறன்னு யாராச்சும் அப்பவே எனக்குச் சொல்லியிருக்கலாம்.) அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு நாய்க்குட்டியிடம் மண்ணைக் கவ்விய கதை இது.

எனக்கு ஆனியில் கல்யாணம். ஆடி பிறந்ததும் வழக்கப்படி சுகந்தியைச் சிங்காநல்லூருக்கு, அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு எனக்கு அங்கே விருந்து. தலை ஆடிக்குப் போகும் மாப்பிள்ளையை எங்கள் பக்கம் எப்படி நடத்துவார்கள் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அன்றைக்கு அவன் சொன்னதுதான் சட்டம். மாப்பிள்ளை மழை வருகிறது என்றால், மாமனார் மொட்டை வெயிலில் நின்றுகொண்டு குடையை விரிப்பார். மறுத்துப் பேசினால் மரியாதை ஆகாது. இந்த ஒரு வழக்கம் மட்டும் இல்லாதிருந்தால் அன்றைக்குப் பாதிக் கூத்து நடந்திருக்காது.

மாமனார் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு நூல் பிசகினாலும் செய்த பாகத்தைத் தூக்கிக் கழிவில் போட்டுவிடுகிற மனிதர். மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். சுகந்தி அவர்களுக்கு ஒரே மகள். அவள் கல்யாணமாகிப் போன அடுத்த வாரமே அத்தை எங்கிருந்தோ ஒரு நாட்டு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பழுப்பு உடம்பில் மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளி. வந்த முதல் நாளே மிக்சர் பொட்டலத்துக்குள் தலையை விட்டு, எடுக்கத் தெரியாமல் வீடு முழுக்க ஓடியதால் பெயர் மிக்சர்.

நோம்பியன்று காலையில் நான் போய் இறங்கியபோது அத்தை ஒப்புட்டு தட்டிக்கொண்டிருந்தார். (வெளியூர்க்காரங்க போளின்னு சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும்.) அன்றைக்குத்தான் மிக்சருக்கு முதல் தடுப்பூசி என்றும் சொன்னார்.

“உங்க மாமா கூட்டீட்டுப் போறேன்னாருங்க மாப்பிள்ளை. எனக்குத்தான் நெஞ்சு படபடங்குது. அத்தனூண்டு ஒடம்புல போயி ஊசியக் குத்துவாங்களாமா?”

“நீங்க எதுக்குங்க அத்தை வெசனப்படறீங்க? தடுப்பு மருந்துங்கறது எனக்கு ஒப்புட்டு திங்கற மாதிரிங்க. நானே கூட்டீட்டுப் போயிட்டு வாரேன்.”

சுகந்தி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிய இன்னும் இரண்டு வருடம் பிடித்தது.

கால்நடை டாக்டர் என்னைவிட வயதில் சின்னப் பெண். அதுவே எனக்குத் தெம்பைக் கொடுத்துவிட்டது. மருந்துக் குப்பியை வாங்கித் தேதி பார்த்தேன். ஃபிரிட்ஜைத் திறந்து காட்டச் சொன்னேன். “கரண்ட் போனா என்னங்க பண்ணுவீங்க?” என்று விசாரித்தேன். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே ஊசியைப் போட்டார். மிக்சர் ஒரே ஒரு தடவை ‘கீ’ என்றான், வேலை முடிந்தது.

“ஒரு அரை மணி நேரம் இங்கயே உக்காந்திருங்க. சில குட்டிகளுக்கு மூஞ்சி வீங்கும், ஒடம்பெல்லாம் தடிக்கும். அப்படி வந்தா ஒடனே பாத்துக்கலாம்” என்றார் டாக்டர்.

“டாக்டர், நான் ஆறாயிரம் குஞ்சுக்கு மருந்து குடுக்கறவனுங்க.”

“நல்லதுங்க. இது குஞ்சு இல்லீங்களே” என்றார்.

ஐந்து நிமிடம் உட்கார்ந்தேன். ஒப்புட்டு ஞாபகம் வந்துவிட்டது. கல்லிலிருந்து எடுத்ததும் நெய்யை ஊற்றித் தின்றால்தான் அது ஒப்புட்டு, ஆறிப்போனால் அட்டை. எழுந்துவிட்டேன். டாக்டர் பெருமூச்சு விட்டு, ஒரு சீட்டில் ஆறேழு வரி எழுதிக் கொடுத்தார். எது சாதாரணம், எதற்கு உடனே ஓடி வர வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருப்பதாகவும், வீட்டுக்குப் போய் நிதானமாகப் படிக்கும்படியும் சொன்னார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எனக்கு எதற்குச் சீட்டு?

ஒப்புட்டு ஐந்து உள்ளே போனது. ஆறாவதை அத்தை இலையில் வைக்க வந்தபோதுதான் கூடத்தின் மூலையில் மிக்சரைக் கவனித்தார். சுருண்டு படுத்திருந்தான். பால் வைத்தால் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். கழுத்துக்குப் பின்னால் ஊசி போட்ட இடத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு வீக்கம். அத்தை கை பட்டதும் முனகினான். உடம்பு லேசாகச் சுட்டது.

“ஏனுங் மாப்பிள்ளை, இவன் ஏனுங்க இப்படிக் கெடக்கறான்?”

நான் கை கழுவிவிட்டு வந்து குனிந்து பார்த்தேன். “மருந்தோட ரியாக்‌ஷனுங்க அத்தை. எல்லாத்துக்கும் வாரதுதான்” என்றேன்.

இதுவரைக்கும் நான் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இத்தோடு வாயை மூடிக்கொண்டு ஆறாவது ஒப்புட்டைத் தின்றிருந்தால், அந்த வீட்டில் எனக்கு இன்றைக்கு இருக்கிற மரியாதையே வேறு.

“டாக்டருக்கு ஒரு போனைப் பண்ணிக் கேட்டரலாமுங்களா?” என்றாள் சுகந்தி.

“நான் இருக்கறப்ப எதுக்கு அம்மணி போனு? குஞ்சுகளும் இப்படித்தான், மருந்து விட்டா குமிஞ்சு படுத்துக்கும். குளுருதுன்னு அர்த்தம். சூடு குடுத்தாச் சரியாப் போயிரும்.”

பண்ணைக்காரனிடம் சூட்டுக்கு ஒரே வழிதான் உண்டு, புரூடர். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வட்டமாக ஒரு தகரத் தடுப்பு, தரையில் செய்தித்தாள், நடுவில் தாழத் தொங்குகிற இருநூறு வாட்ஸ் குண்டு பல்பு. தாய்க்கோழி இல்லாத குஞ்சுகளுக்கு அந்தப் பல்புதான் தாய். பண்ணைக்கென்று வாங்கிய பல்புகள் என் காரிலேயே கிடந்தன. மாமனாரிடம் தகரம் கேட்டேன்.

“டயா எவ்வளவுங்க மாப்பிள்ளை?” என்று வட்டத்தின் குறுக்களவைப் பட்டறைப் பேச்சிலேயே கேட்டார் அவர்.

“மூணு அடி போதுமுங்க மாமா.”

நோம்பி நாளில் பட்டறைக்கு விடுமுறை. அந்த மனிதர் புது வேட்டியோடு போய்ப் பூட்டைத் திறந்து, டேப் வைத்து அளந்து, தகரத்தை வெட்டி, ஓரத்தில் பிசிறு இல்லாமல் அரம் போட்டுக் கொண்டுவந்தார். கூடத்தின் நடுவில் மின்விசிறிக் கொக்கியிலிருந்து பல்பைத் தொங்கவிட்டேன். கொக்கியில் மின்விசிறி இருந்ததே என்கிறீர்களா? கழற்றிவிட்டோம். ஆடிக் காற்று உள்ளே வராமலிருக்க ஜன்னல்களையும் சாத்தினோம்.

கோழி வளர்க்கிறவர்களுக்கு ஒரு பாலபாடம் உண்டு. குஞ்சுகள் பல்புக்கு அடியில் குமிந்தால் குளிர் அதிகம். எல்லாம் ஓரத்துக்கு ஓடித் தகரத்தை ஒட்டி நின்றால் சூடு அதிகம். வட்டம் முழுக்கப் பரவலாக நின்றால் சரியான அளவு. இதைப் புதிதாக வேலைக்கு வருகிற எல்லோருக்கும் நான்தான் கற்றுக்கொடுப்பேன். பத்து நிமிடத்தில் மிக்சர் எழுந்து, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓரத்துக்குப் போய்த் தகரத்தை ஒட்டி நின்றான். நான் அதைப் பார்த்தேன். ஆனால் ஒரே ஒரு குட்டி எப்படிப் பரவலாக நிற்கும்? அதனால் அந்தப் பாடம் இங்கே செல்லாது என்று முடிவு செய்தேன்.

“எடம் அதிகமாப் போச்சுங்க மாமா. ரெண்டு அடியாக் கொறைச்சிருவோமுங்க.”

மாமா மறுபேச்சு இல்லாமல் தகரத்தைச் சுருக்கிப் பிடித்து ஸ்குரூ முறுக்கினார். இப்போது மிக்சருக்கு ஓரம் என்று ஒன்றே கிடையாது.

அடுத்தது வெல்லத் தண்ணீர். பண்ணையில் குஞ்சு வந்து இறங்கியதும் முதல் தண்ணீர் அதுதான், தெம்பு வரும். நோம்பிக்கு வாங்கிய வெல்லத்தில் ஒரு உருண்டையைக் கரைத்து, கரண்டி கரண்டியாக வாயில் விட்டேன். நடுநடுவே பல்பில் துணியைச் சூடு காட்டி அந்தப் பட்டாணி வீக்கத்தையும் தேய்த்துவிட்டேன். அத்தை தகரத்துக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். புதுச்சேலை வேர்வையில் நனைந்துவிட்டது. எழுந்திருக்கவே இல்லை.

அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அது மட்டும் சத்தியம்.

“கவலைப்படாதீங்க அத்தை. மருந்து குடுத்தா நூத்துக்கு ரெண்டு மூணு போறது சகஜந்தானுங்க.”

அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தாமல், மரியாதையிலும் குறை வைக்காமல் கேட்டார்:

“ஒண்ணுல எத்தனைங்க மாப்பிள்ளை போகும்?”

ஆறாயிரத்தைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு ஒன்று என்கிற எண் தட்டுப்பட்டதே கிடையாது. ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டுமே என்று, “பண்ணையில டல்லா இருக்கறதத் தனியா எடுத்து வெச்சிருவோமுங்க...” என்று ஆரம்பித்துவிட்டேன்.

“வெச்சு?” என்றார் அத்தை.

அதற்கப்புறம் என்ன செய்வோம் என்பதை அந்த இடத்தில் சொல்ல முடியாது. வெல்லத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அம்மணி கல்யாணமாகிப் போனப்பறம் இந்த ஊட்டுல சத்தம்னா இவன் ஒருத்தன் சத்தந்தானுங்க. இவனும் இல்லீன்னா நானும் உங்க மாமாவும் மொகத்த மொகத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கோணும்” என்றார்.

அந்த நேரம் பார்த்து மிக்சர் குமட்டி, குடித்த வெல்லத் தண்ணீர் முழுவதையும் செய்தித்தாளில் கக்கினான். இரைப்பு வேறு. வயிறு ஏறி ஏறி இறங்கியது.

அதுவரை சுவரோரம் நின்றிருந்த சுகந்தி மூன்று காரியங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தாள். ஸ்விட்சை அணைத்தாள். தகரத்தைக் காலால் எத்தித் தள்ளினாள். என் அருகில் வந்து, கேட்காமலேயே என் சட்டைப் பையில் கையை விட்டுச் சீட்டை எடுத்தாள். வேர்வையில் ஊறிப் போயிருந்தாலும் எழுத்து கலையவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்.

“இன்னிக்கும் நாளைக்கும் அதிகமாத் தூங்கும். சரியாச் சாப்பிடாது. லேசாக் காய்ச்சல் இருக்கும். ஊசி போட்ட எடத்துல சின்ன வீக்கம் இருக்கும். இதெல்லாம் சாதாரணம், தானாச் சரியாகும். காத்தோட்டமான எடத்துல தொந்தரவு பண்ணாம விடுங்க. வெறுந்தண்ணி வையுங்க. வீக்கத்தைத் தேய்க்காதீங்க. வீட்டு வைத்தியம் எதுவும் பண்ணாதீங்க.” கொஞ்சம் நிறுத்தி, கடைசி வரியையும் படித்தாள். “முகம் வீங்கினா, வாந்தி எடுத்தா, மூச்சு வாங்கினா ஒடனே கூட்டீட்டு வாங்க.”

செய்யாதே என்று எழுதிய ஒன்றையும் நான் பாக்கி வைக்கவில்லை. அதோடு, சாதாரணமாக இருந்த குட்டியைப் பாடுபட்டுக் கடைசி வரிக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தேன்.

மாமா வண்டியை எடுத்தார். அத்தை மடியில் மிக்சர், பக்கத்தில் சுகந்தி. நான் முன் சீட்டில். இந்தக் குட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த வீட்டுப் படியை இனி எந்த முகத்தோடு மிதிப்பேன் என்பது மட்டும்தான் என் மண்டையில் ஓடியது. ஜன்னலைத் திறந்துவிட்டிருந்ததால் ஆடிக் காற்று அள்ளிக்கொண்டு வந்தது. பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது பின்னாலிருந்து சுகந்தியின் குரல் வந்தது. “இரைப்புக் கொறையுதும்மா.” சிக்னலில் நின்றபோது மிக்சர் ஜன்னலுக்கு வெளியே மூக்கை நீட்டினான். டாக்டர் வாசலில் இறங்கும்போது, எதிரே நின்ற ஒரு ஆட்டைப் பார்த்துக் குரைத்தும்விட்டான்.

டாக்டர் சூடு பார்த்தார், ஈறைப் பார்த்தார், முகத்தைத் தடவிப் பார்த்தார். “ஊசியால வந்தது லேசான காய்ச்சல்தானுங்க. மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். வாந்தியும் இரைப்பும் ஊசியால வந்த மாதிரி தெரியலீங்க. ஒடம்பு ரொம்பச் சூடாகியிருக்குது. ஊட்டுல என்னங்க பண்ணுனீங்க?” என்றார்.

மாப்பிள்ளையை விட்டுக்கொடுக்கக் கூடாதல்லவா! அத்தை சுவரில் ஒட்டியிருந்த மாட்டுப் படத்தைப் பார்த்தார். மாமாதான் கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, துளிக் கிண்டல் இல்லாமல் சொன்னார்:

“ரெண்டு அடி டயாவுல, இருநூறு வாட்ஸுங்க.”

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அவர் இரண்டாகத் தெரிந்தார். ஐந்து ஒப்புட்டு, சாத்திய ஜன்னல், மத்தியானம் முழுக்க அந்தப் பல்புக்குப் பக்கத்தில் தவம், ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது. காதில் கொய்ங் என்றது. சுவரைப் பிடித்துக்கொண்டே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மேஜையிலிருந்து மிக்சரை இறக்கிவிட்டுவிட்டு என்னைக் கவனித்தார்கள். யாரோ விசிறினார்கள். டாக்டர் உப்பும் சர்க்கரையும் போட்டுத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தார். (வெல்லம் போடலீங்க. கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.) நான் குடித்து முடித்ததும், காலையில் நான் உட்கார்ந்த அதே நாற்காலியைக் காட்டினார்.

“ஒரு அரை மணி நேரம் இங்கயே உக்காந்திருங்க. இந்தத் தடவ எந்திரிக்கக் கூடாதுங்க.”

உட்கார்ந்தேன். முழுதாக அரை மணி நேரம். எனக்கு முகம் வீங்குகிறதா என்று சுகந்தி அவ்வப்போது வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனாள். மிக்சர் என் புதுவேட்டிக் கரையைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அத்தை பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.

“உடுங் மாப்பிள்ளை. நல்லதுக்குன்னுதான பண்ணிப்போட்டீங்க” என்றார் அவர். நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

மறுநாள் காலை மிக்சர் வழக்கம் போல வாசல் செருப்புகளில் ஒன்றைக் கடித்துக் குதறினான். என்னுடையதைத்தான்.

இதெல்லாம் நடந்து சில வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் என் பண்ணையில் நான்தான் ராஜா, அதில் மாற்றம் இல்லை. ஆனால் சிங்காநல்லூரில் நான் எதையாவது கொஞ்சம் அழுத்திச் சொன்னால் போதும், “இன்னிக்கு மழை வராதுங்க”, “இந்த வழியில டிராபிக் இருக்காதுங்க” என்று எதுவானாலும், சமையலறையிலிருந்து அத்தையின் குரல் மரியாதை குறையாமல் வரும். “ஒண்ணுல எத்தனைங்க மாப்பிள்ளை?” மாமா ‘டயா என்னங்க?’ என்பார். கல்யாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்தும்போது சுகந்தியின் சொந்தக்காரர்கள் என் பெயரைச் சொல்வதில்லை. “இருநூறு வாட்ஸ்” என்றால் எல்லோருக்கும் தெரியும்.

போன வருடம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சிங்காநல்லூரில் வைத்துத்தான் தடுப்பூசி போட்டோம். நர்ஸ் அரை மணி நேரம் இருக்கச் சொன்னார், நான் ஒரு மணி நேரம் யாரையும் எழுந்திருக்க விடவில்லை. கொடுத்த சீட்டை நாலு தடவை படித்தேன். சாயங்காலம் குழந்தைக்கு லேசாகக் காய்ச்சல் வந்தது, சீட்டில் எழுதியிருந்தது போலவே. அப்படியும் எனக்குக் கால் ஓடவில்லை, கை ஓடவில்லை. தொட்டிலைத் தொடவும் பயந்துகொண்டு கூடத்து வாசற்படியிலேயே நின்றேன். அத்தை காப்பி கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

“ஏனுங் மாப்பிள்ளை, இதெல்லாம் நூத்துக்கு எத்தனை பேருக்கு வருமுங்க?” என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“எனக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க அத்தை இருக்குது” என்றேன்.

அத்தைக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. “தெரிஞ்சா சரிங்க” என்று சொல்லி, என்னைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுப் போனார்.

கூடத்தில் இருட்டிக்கொண்டு வந்தது. குழந்தையின் முகம் தெரியட்டும் என்று எழுந்து லைட் ஸ்விட்சுக்குக் கையை நீட்டினேன். தொட்டிலுக்கு அடியில் படுத்திருந்த மிக்சர் தலையைத் தூக்கி என் கையைப் பார்த்தான். எழுந்து உடம்பை உதறிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த அறைக்குப் போய்விட்டான்.